வெள்ளை டொக்டர் இல்லையோ?

1. லோண்டரிக்கு மேலே

இரண்டு பாஷை தெரிந்தால் மொழிபெயர்ப்பு வேலைக்குப் போதும் என்றுதான், இப்போது இதைப் பழக வந்திருக்கும் உங்களைப் போல, நானும் நினைத்திருந்தேன். திருகோணமலையில் நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ஓபரேட்டர். இந்தப் பக்கத்து வயரை அந்தப் பக்கத்தில் செருகிவிட்டால் என் வேலை முடிந்தது. மொன்ட்ரியாலுக்கு அகதியாக வந்த நாலாம் மாதம், செயின்ட்-மிஷேலில் லோண்டரி ஒன்றுக்கு மேல்மாடியில் இருந்த கிளினிக்கில் ரிசெப்ஷனிஸ்டாகச் சேர்ந்தேன். தமிழ் ஆட்கள் வந்தால் உள்ளே போய் இங்கிலீசில் சொல்லவேண்டும்.

டொக்டர் ரோஸ்மண்ட் கரீபியன் தீவொன்றில் பிறந்தவர். அந்த வட்டாரத்தில் கிளினிக் திறந்த முதல் கறுப்பினப் பெண் டொக்டர் அவர்தான். அவர் இடம் தேடிப் போனபோது, முகத்தைப் பார்த்ததுமே மூன்று கட்டடக்காரர்கள் வாடகைக்குப் போய்விட்டது என்றார்களாம். கிளினிக்கில் இருந்த நேர்ஸ் இதைச் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. ஆனால் இன்டர்வியூவுக்குக் கதவைத் திறந்து அவரைக் கண்ட அன்று என் மனமும் ஒரு கணம் தயங்கியது. அதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

2. சறோ

சேர்ந்த இரண்டாம் கிழமை, பக்கத்து வட்டாரமான மொன்ட்ரியால்-நோரிலிருந்து சறோ வந்தாள். கையில் இரண்டு வயது மகள். அகதிக் கேஸ் இன்னும் விசாரணைக்கு வரவில்லை. ஒரு மாதமாக இருமல். டொக்டரின் அறைக்குள் கதிரையில் இருந்ததுமே கதவைத் திரும்பிப் பார்த்து என்னிடம் கேட்டாள்.

"அக்கா, இஞ்ச வெள்ளை டொக்டர் ஒருத்தரும் இல்லையோ?"

டொக்டர் என்னைப் பார்த்தார். "உங்களைக் கண்டது சந்தோஷமாம்," என்றேன்.

பிறகு இருமலைப் பற்றிக் கேட்டார். சறோ என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ரெண்டு தரம் ரத்தம் வந்தது அக்கா. அதை மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. கசமெண்டு எழுதினா, பிள்ளையோட என்னைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்."

அந்த நாளில் எங்கள் சனம் எல்லோருக்கும் இருந்த பயம்தான் அது. டி.பி., கசம் என்று கடதாசியில் எதுவும் ஏறவிடக்கூடாது. "சாதாரண இருமல்தான், கொத்தமல்லி அவித்துக் குடிக்கிறாவாம்," என்றேன்.

டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அவ நிறையக் கதைத்தா. நீங்கள் சொன்னது கொஞ்சம். முதலில், கதவைப் பார்த்து என்ன கேட்டா?"

அவள் கேட்டதை அப்படியே சொன்னேன். அவருடைய முகம் மாறவில்லை.

"என்னைப் பற்றிச் சொன்னதை மறைத்தீர்கள். அப்படியென்றால் இருமலைப் பற்றி எதை மறைத்தீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?"

யாருக்கு உண்மையாக இருப்பது? கையைப் பிடித்தவள் எங்கள் ஊர்ப்பெண். எதிரே இருப்பவரோ என்னை நம்பிப் பக்கத்தில் இருத்தியவர். எது துரோகம் என்றே விளங்கவில்லை. அந்த நேரம் சறோ இருமிக்கொண்டே, தான் கடித்த பிஸ்கட்டின் மிச்சத்தை மகளுக்கு ஊட்டினாள். பிள்ளை வாயைத் திறந்தது.

"சறோ, நான் சொல்லப்போறன்."

"உங்களை நம்பித்தானே அக்கா வந்தனான்."

சொல்லிவிட்டேன். சறோ அழுதாள். தன்னைத் திருப்பி அனுப்புவார்களா என்று கேட்டாள். அதையும் சொன்னேன்.

"இமிக்ரேஷன் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது," என்றார் டொக்டர். "மருந்து எடுத்தால் சுகம் வரும். எடுக்காவிட்டால் பிள்ளைக்குத் தொற்றும். கேசுக்குக் கடிதம் எழுதித் தருவேன். கூப்பிட்டால் நேரிலும் வருவேன்."

டொக்டர் என்றால் எல்லாம் தெரிந்தவர் என்று வளர்ந்தவள் நான். தெரியாது என்று சொல்லும் டொக்டரை நம்புவதா விடுவதா என்று அன்று பிடிபடவில்லை.

எக்ஸ்ரேயில் டி.பி. என்று வந்தது. மாதக்கணக்கில் மருந்து. சறோ வராத நாளில் டொக்டரே பஸ் ஏறி மொன்ட்ரியால்-நோருக்குப் போனார். கேஸ் விசாரணைக்கும் கூடப் போனார். கேஸ் ஏற்கப்பட்டது. பிள்ளைக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்த வின்டர் முழுக்கச் சறோ என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் வீட்டில் இருந்து அழுதிருக்கிறேன்.

3. சேர்ச் ஹோலில்

நான் ரிட்டயர் ஆன பிறகு டொக்டர் காலமானார். அஞ்சலிக் கூட்டத்தில் சறோ பேச எழுந்தாள். இங்கிலீசில் சொல்ல அவளுடைய மகளே இருந்தாள். "அக்கா சொல்லட்டும்," என்றாள் சறோ.

மைக்கைப் பிடித்தோம். பக்கத்தில் டொக்டரின் படம், முன்வரிசையில் அவருடைய சகோதரிகள்.

"முதல் நாள் இவவின்ர முகத்தைப் பாத்திட்டு, வெள்ளை டொக்டர் இல்லையோ எண்டு கேட்டனான்," என்றாள் சறோ.

செத்த வீட்டில் சொல்கிற பேச்சா இது? 'இவரைக் கண்டது சந்தோஷம்' என்ற பழைய பொய் வாய்வரை வந்துவிட்டது. இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, அந்தப் பொய் எப்போதும் வாய்க்குள் தயாராகத்தான் இருக்கும்.

"அதையும் சொல்லுங்கோ அக்கா," என்றாள் சறோ.

ஒரு சொல் விடாமல் சொன்னேன். முன்வரிசையில் மூத்த சகோதரி, மேலே சொல்லுங்கள் என்று கையைக் காட்டினார். சறோ சொன்னாள், நான் சொன்னேன்:

"அப்பிடிக் கேட்ட என்னைத் தேடி, பனிக்குள்ள பஸ்ஸில மருந்து கொண்டு வந்தவ இவ."