புகைக்குழாய்க்கு இடமில்லாத வீடு

போன கிழமை எங்கள் வீட்டுக் காஸ் பொய்லர் செத்துப்போனது. வெளியே எங்கள் ஹேர்னிங் நகரத்துக் குளிர் — அதுவும் ஈரக் குளிர், காற்றோடு சேர்ந்து எலும்புக்குள் இறங்குகிற சாதி. உள்ளே நானும் மனைவி சாந்தியும் ஜாக்கெட் போட்டபடி தேநீர் குடிக்கிறோம்.

இந்தக் காலத்திலும் காஸ் பொய்லரா என்று நீங்கள் கேட்பீர்கள். என்ன செய்ய? தெருத்தெருவாக வெந்நீர்க் குழாய் போட்டு வீடுகளைச் சூடாக்கும் ஃபியர்ன்வாம எங்களுக்கும் வரும், வரும் என்கிறார்கள். பக்கத்துத் தெருவோடு நின்றுவிட்டது. அதுவரைக்கும் விறைத்துப்போய் இருக்கமுடியுமா? புதுப் பொய்லருக்குச் சொல்லிவிட்டேன்.

பொய்லரும் வந்தது, பூட்டுவதற்கு யென்ஸ் என்ற டெனிஷ்காரரும் வந்தார். பொய்லர் வாங்குவது சுகம், அது மூச்சுவிட வழி தேடுவதுதான் பெரும்பாடு என்று அப்போதுதான் தெரிந்தது.

புது வகைப் பொய்லருக்கு ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய். வெளிக்குழாய் காற்றை இழுக்கும், உள்குழாய் புகையைத் தள்ளும். அவை திறந்த வெளியில் போய் முடியவேண்டும். பழைய சிம்னிக்குள் விடலாமே என்றால், உள்ளே செங்கல் உதிர்ந்து அடைத்துப்போய்க் கிடக்கிறது. பக்கச் சுவரில் விட்டால் அயல்வீட்டு ஜன்னலுக்கு நேரே புகை போகும். யென்ஸ் பின்சுவரைத் தட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. இதுதான் இடம் என்று பின்கதவைத் திறந்தார்...

அப்படியே நின்றுவிட்டார்.

"இது என்ன?"

"குசினி."

"வீட்டுக்குள் ஒன்று இருக்கிறதே?"

பலகையும் பிளாஸ்டிக் தகடும் கொண்டு, பின்சுவரை ஒட்டி நாங்களே கட்டிய பின்குசினி அது. இந்த நாட்டில் எங்கள் ஆட்களின் வீடுகளில் இப்படி ஒன்று இல்லாத வீடு குறைவு. தூளுக்கு மிளகாய் வறுக்க, மீன் பொரிக்க, நண்டுக்கறி வைக்க எல்லாம் அங்கேதான். மிளகாய் வறுப்பதைப் பற்றி ஒரு டெனிஷ்காரருக்கு விளக்கிப் பார்த்திருக்கிறீர்களா? நான் முயன்றேன். அவர் இரண்டடி பின்னால் போனார்.

குழாயை நீட்டி, பின்குசினிக் கூரைக்கு மேலே விடலாமே என்று என் பங்குக்கு ஒரு யோசனை சொன்னேன். யென்ஸ் சிரிக்கவில்லை. நடுவில் ஒரு மூட்டுக் கழன்று நச்சுப்புகை கசிந்தால், அங்கே சமைக்கிறவர் மயங்கி விழுந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியவரும் என்றார். ஆகவே, ஒன்றில் பின்குசினியை உடைக்கவேண்டும். இல்லையென்றால் குழாயை நேரே மேலே கொண்டுபோய்க் கூரையால் விடவேண்டும்.

மேலே என்றால் எங்கள் மகன் நிரூபனின் அறை. சரியாக அவனுடைய கட்டில் கிடக்கிற இடம்.

"ஏலாது," என்றாள் சாந்தி. "அவன் வந்தால் எங்கை படுக்கிறது?"

நிரூபன் இப்போது தலைநகர்ப் பக்கம், இஷொயில் இருக்கிறான். நல்ல வேலை. போன நத்தார் பண்டிகைக்கு வந்தான், சாப்பிட்டான், பின்னேரமே காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஆனாலும் அந்தக் கட்டிலுக்கு மாதா மாதம் விரிப்பு மாறும். யாரும் படுக்காத விரிப்பைச் சாந்தி கழற்றித் தோய்த்து, காயப்போட்டு, மறுபடி விரிப்பாள்.

யென்ஸ் முடிவு சொல்லுங்கள் என்று போய்விட்டார். வீடு இன்னும் குளிர்ந்தது. சரி, அறைக்குச் சொந்தக்காரனையே கேட்போம் என்று மகனுக்குப் போன் போட்டேன். சாந்தியும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். போட்டிருக்கக்கூடாது.

நான் தமிழில் சொன்னேன். அவன் வழக்கம்போல டெனிஷில் பதில் சொன்னான்; அப்பா என்பதும் அவன் வாயில் ஃபார்தான்.

"அது இப்போது என்னுடைய அறை இல்லையே, ஃபார். கட்டிலைத் தூக்கிப் போடுங்கள். நான் வந்தாலும் ஹோட்டலில் தங்கிக்கொள்வேன். உங்களுக்குக் கரைச்சல் இல்லை."

பொடியன் அன்பாகத்தான் சொன்னான். அதில் துளி கோபம் இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நாமும் திருப்பிக் கத்தியிருக்கலாம்... அன்பாகச் சொன்னால் என்ன செய்வது? பெற்றவர்கள் வீட்டுக்கு வர ஹோட்டல் தேடுகிற பிள்ளையிடம் வேறென்ன கதைக்க? சரி தம்பி என்று போனை வைத்தேன்.

சாந்தி அழவில்லை.

"இஞ்சாருங்கோ, பின்குசினியை உடைக்கச் சொல்லுங்கோ."

"நீர் எங்கை மிளகாய் வறுக்கிறது?"

"உள்ளுக்குத்தான்."

"வீடெல்லாம் மணக்குமே?"

"மணந்தால் என்ன? பள்ளிக்கூடத்திலை ஜாக்கெட் மணக்குதெண்டு பிள்ளையள் தள்ளி இருக்கினம் எண்டு அவன் அழுததாலைதானே அதைக் கட்டினது. இப்ப ஆரின்ரை ஜாக்கெட் மணக்கப்போகுது?"

"அப்ப அறையை மட்டும் ஏன் வைச்சிருக்கிறது?"

"அது அவன்ரை அறை."

பிள்ளை இல்லை என்று குசினியை உடைக்கிறாளாம். பிள்ளை வருவான் என்று அறையை வைத்திருக்கிறாளாம். இதில் எந்தப் பக்கத்தைப் பிடித்து வாதாடுவது? சனிக்கிழமை நானே ஆணிகளைக் கழற்றினேன். எண்ணெயில் ஊறின பலகை, ஆணியை விடமாட்டேன் என்றது. இந்தக் குசினி வேண்டும் என்று அழவும் வீட்டில் பிள்ளை இல்லாமல் போய்விட்டதே என்று, உண்மையைச் சொன்னால், கழற்றக் கழற்ற எனக்கு வெறுத்துப்போனது.

திங்கள் யென்ஸ் வந்து பின்சுவரைத் துளைத்துக் குழாயைப் பூட்டினார். பொய்லர் முனகிக்கொண்டு உயிர்பெற்றது. வெளியே வெள்ளை ஆவி போனது. போகும்போது, காஸை மிச்சம் பிடிக்கவேண்டுமென்றால் பாவிக்காத அறைகளின் றேடியேற்றரைக் குறைத்து வையுங்கள் என்று புத்திமதி சொன்னார்.

சாந்தி நல்லபிள்ளையாகத் தலையாட்டினாள். அவர் வான் தெருமுனை திரும்பியதும் மாடியேறிப் போனாள். பின்னாலே போய்ப் பார்த்தேன். மகனின் அறையில் றேடியேற்றரை முடிந்தமட்டும் திறந்துவிட்டு, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கையைச் சூடுகாட்டிக்கொண்டிருந்தாள்.

அது பாவிக்காத அறை என்று அவளுக்கு யார் சொல்வது? நான் மாட்டேன்.