காதர் நானாவும் நகராத பியானோவும்

செய்தியைத் துறைமுகத்தில் சுமை தூக்கும் லாம் கொண்டுவந்தார். லுஹர் தொழுகைக்காக வாப்பா கை கால் கழுவிக்கொண்டிருந்தார். கிடங்கின் கம்பிக் கதவுக்கு வெளியே நின்று, தனக்குத் தெரிந்த கொஞ்சம் தமிழில், "சாம்பிராணி காதர் மவுத்து" என்றார் லாம். வாப்பா "இன்னா லில்லாஹி" என்று சொல்லிச் செம்பைக் கீழே வைத்தார். நாலு நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் காலையில் எழுந்திருக்கவில்லை. அஸருக்குள் பள்ளிவாசலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

ஜனாஸாவுக்குப் பெண்கள் போவதில்லை. நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு நீங்கள் எல்லோரும் எங்கள் கிடங்கு வாசலில் கூடும்போது வாப்பா வாசிப்பதற்காக இதை எழுதுகிறேன். ஒரு படி காரைக்காலில் இருக்கும் அவர் மனைவிக்குக் கப்பலில் போகும். வாயால் சொல்ல எனக்கு வராது என்பது உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தை மூன்றாம் வகுப்போடு விட்டதும் அதனால்தான். எழுந்து நின்று பதில் சொல்லச் சொன்னார்கள்.

துறைமுகத்தில் போய் அப்துல் காதர் எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. சாம்பிராணி காதர் என்றால் படகுக்காரர் வரைக்கும் கை காட்டுவார்கள். அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதில் உங்களுக்குத் தெரிந்தது பாதி. மற்றப் பாதி அவருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். இப்போது எனக்கு மட்டும். அதைச் சொல்லாமல் அவருக்கு பாத்திஹா ஓதுவதைக் கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடியாது.

அவர் பியானோ தூக்குகிறவர். கப்பலில் வந்து இறங்கும் பியானோக்களைக் கான் ஹொய் துறைமுகக் கிடங்கிலிருந்து பாலத்துக்கு அந்தப் பக்கம் உள்ள வீடுகளுக்குக் கொண்டுபோகும் ஆறு பேருக்கு அவர் தலைவர். இந்த ஊர்க்காரரான லாமும் அவர்களில் ஒருவர். பியானோக்கள் நகரத்தில் ஓர் இசைக்கருவிக் கடைக்குச் சொந்தம். வாப்பா கிடங்கின் காவல்காரர். கிடங்கை ஒட்டிய இரண்டு அறைகளில் நாங்கள் இருக்கிறோம். பலகைச் சுவரில் ஒரு இடுக்கு உண்டு. அதன் வழியாகத்தான் நான் அவரை முதலில் பார்த்தேன்.

அன்று வண்டியிலிருந்து ஒரு பியானோவைப் பலகைச் சரிவில் இறக்கினார்கள். புதிதாகச் சேர்ந்த ஒருவன் அதன் பின்பக்கம் போய் நின்றான். காதர் நானா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"அங்க நிக்காதடா. முன்னால பல்லக் காட்டுதேன்னு நம்பிராத. கனம் பூரா அதோட முதுகுல இருக்கு. சாஞ்சா முதுகுப் பக்கந்தான் சாயும்."

பிறகு அவனுடைய கையைப் பிடித்து முன்னும் பின்னும் தட்டிக் காட்டினார். முன்னால் தட்டினால் அலமாரிச் சத்தம். பின்னால், மரத்துக்கு உள்ளே, வார்ப்பிரும்புச் சட்டம். இருநூறுக்கு மேற்பட்ட தந்திகள் அதில்தான் கட்டப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு தந்தியும் இழுக்கிற இழுப்பு, ஓர் ஆளை அதில் தொங்கவிட்டதற்குச் சமம் என்பார். "நாம ஆறு பேர் வெளியில தூக்குறோம். உள்ள இருநூறு பேரு தொங்குறான். அவனுகளுக்குக் கூலி கெடயாது."

பியானோக்கள் துத்தநாகத் தகடு அடித்த பெட்டிகளில் வரும். ஈயம் வைத்து மூடியிருப்பதால் கடல் காற்று உள்ளே போகாது. தகட்டைக் கிழிக்கும்போது ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். "ஜெய்னம்பு, ஓடியா. மூக்க இங்க வை. இது பிரான்சு காத்து. இன்னும் ரெண்டு நிமிசந்தான் இருக்கும்." காய்ந்த மரத்தின் வாசம் வந்தது. எங்கள் ஊர் மரத்துக்கு அந்த வாசம் கிடையாது.

தந்திகளுக்குப் பின்னால் மெல்லிய பலகை ஒன்று இருக்கிறது. தந்தியின் ஒலியை வாங்கிப் பெரிதாக்குவது அதுதான். தட்டையாக இல்லாமல் தந்திகளின் பக்கம் லேசாக மேடு தட்டியிருக்கும். தந்திகள் அதன் மேல் ஒரு கட்டையைத் தாண்டிப் போகின்றன. மழைக்காற்றின் ஈரத்தில் அந்தப் பலகை பருத்தால் மேடு உயரும், கட்டை தந்திகளை முட்டும், இழுப்பு கூடும், சுருதி ஏறும். இதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வருடக்கணக்காகப் பின்பக்கம் நின்று தூக்கியவர், பார்த்தே தெரிந்துகொண்டார்.

பிரச்சினை இதில்தான் வந்தது. பெட்டியைத் திறந்ததும் கடையின் ஆள் வந்து சுருதி சேர்ப்பார். அடுத்த நாள் பியானோ வீட்டுக்குப் போகும். பத்து நாளில் வீட்டுக்காரர்கள் கடைக்கு ஆள் அனுப்புவார்கள், சுருதி கெட்டுவிட்டது என்று. தூக்கினவர்கள் போட்டு உலுக்கிவிட்டார்கள் என்பது கடையின் பதில். அந்த வருடம் மழைக்கு முன்பாகக் குமாஸ்தா சவரிநாதர் கிடங்குக்கு வந்தார். அவர் புதுச்சேரிக்காரர்; கடை முதலாளி முசியே சொல்வதைத் தமிழில் சொல்வதும் தன் பங்குக்கு இரண்டு சேர்ப்பதும் அவர் வேலை.

"பாய், இனிமே சோலோனிலிருந்து வேற ஆளுங்க வருவாங்களாம். முசியே முடிவு பண்ணிட்டாரு. நீங்க மூட்டை தூக்கப் போங்க. மூட்டைக்குச் சுருதி இல்ல."

"குமாஸ்தாவே, உங்க வீட்டுக் கதவு மழ காலத்துல இறுகுதா?"

"இறுகும்."

"அந்தக் கதவ நாங்களா தூக்கிட்டுப் போனோம்?"

வாப்பா சிரித்துவிட்டார். சவரிநாதர் சிரிக்கவில்லை. "கதவு வேற, பியானோ வேற" என்றார். வேறு இல்லை என்று காட்டுகிறேன், மழை பிடித்து ஒரு மாதம் போகட்டும் என்று காதர் நானா கேட்டார். ஆறு பேருடைய வேலை அது. லாமுக்கு அப்போதுதான் மூன்றாவது குழந்தை பிறந்திருந்தது.

கிடங்கில் ஒரு பியானோ நின்றது. அதை வாங்கியவரின் வீடு கட்டி முடியவில்லை. சுருதி சேர்த்த அன்றே காதர் நானா அதன் நான்கு சக்கரங்களையும் சுற்றிச் சுண்ணாம்பால் கோடு போட்டார். நகர்த்தாத பியானோவின் சுருதி மாறினால், மாற்றியது காற்றுதானே.

ஆனால் மாறுவதை அவரால் கேட்க முடியாது. கப்பல் பளுதூக்கிகளின் பக்கத்தில் இருபது வருடம் நின்றதில் ஒரு காது போய்விட்டது, மற்றது பாதி. என்னிடம் ஒரு பழைய சுருதிக் கவையைக் கொடுத்தார். சுருதி சேர்ப்பவர் வேண்டாமென்று போட்டுவிட்டுப் போனது. உண்டிவில்லின் கவையைப் போலவே இருக்கும், ஆனால் இரும்பு. முழங்காலில் தட்டிக் காம்பை மரத்தில் ஊன்றினால் 'லா' என்ற ஸ்வரம் ஒலிக்கும். பியானோவின் 'லா'வுக்கு மூன்று தந்திகள். இரண்டைக் கம்பளித் துண்டால் அடக்கிவிட்டு ஒன்றை மட்டும் ஒலிக்கவிட வேண்டும். கவையும் தந்தியும் ஒன்றாக இருந்தால் ஒலி நேராகப் போகும். இல்லாவிட்டால் பெருத்தும் சிறுத்தும் அலையாக வரும். வித்தியாசம் கூடக் கூட அலை வேகமாகும்.

ஒருமுறை பிஸ்மில்லாஹ் முழுவதையும் நிதானமாகச் சொல்லும் நேரத்தில் எத்தனை அலை என்று எண்ணினேன். முதல் நாள் ஒன்றுமில்லை. மழை பிடித்த வாரத்தில் இரண்டு. மூன்றாவது வாரத்தில் ஏழு. அலை வரும்போதெல்லாம் விரல் முட்டியால் பெட்டியில் தட்டுவேன். அவர் பெட்டியில் கை வைத்து உட்கார்ந்து எண்ணுவார். அவரிடம் நான் பேசியதைவிடத் தட்டியது அதிகம்.

இதைக் கேள்விப்பட்டு வந்த சவரிநாதர் ஒரு நல்ல கேள்வி கேட்டார். அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

"அலை வருது, சரி. ஏறினாலும் வரும், இறங்கினாலும் வரும். ஏறிச்சுன்னு எப்படிச் சொல்றீரு?"

காதர் நானா கவையை என்னிடமிருந்து வாங்கிப் போய் இரண்டு நாள் வைத்திருந்தார். மூன்றாம் நாள் பெட்டிகளுக்கு முத்திரை வைக்கும் அரக்கில் ஒரு துளியைக் கவையின் ஒரு கால் நுனியில் ஒட்டிக்கொண்டு வந்தார். "சுமை ஏத்துனா எவனும் மெதுவாத்தான் நடப்பான். கவையும் அப்படித்தான். இப்ப அது கொஞ்சம் கீழ போயிருக்கும். அலை கூடுச்சுன்னா தந்தி மேல இருக்குன்னு அர்த்தம். கொறஞ்சா கீழ." நான் தட்டினேன். அலை கூடியது. தந்தி மேலேதான் இருந்தது.

முசியே வெள்ளிக்கிழமை காலை நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

வியாழன் மாலை எங்கள் கணக்கில் வெள்ளி ராவு. மஃரிபுக்குப் பிறகு சட்டியில் கரி போட்டுச் சாம்பிராணி காட்டுவது வழக்கம். அது என் வேலை. இரண்டு அறை, வாசல், அதோடு முடிந்துவிடும். அன்று மழையோடு ஈசல் கிளம்பியிருந்தது. பியானோவின் காலருகே உதிர்ந்த இறகுகளைப் பார்த்தேன். நாளைக்குப் பார்க்க வருகிறார்கள், கறையான் ஏறிவிடக் கூடாது என்று நினைத்து, சட்டியை அதன் முதுகுப் பக்கம் வைத்து, கங்கு விடியும் வரை இருக்கட்டும் என்று உமியும் சாம்பலும் போட்டு மூடினேன். சுபுஹுக்கு எழுந்து சட்டியை எடுத்துத் தரையையும் பெருக்கிவிட்டேன்.

காலையில் முசியே வந்தார். சவரிநாதர் 'லா'வின் கட்டையை விரலால் அழுத்தினார். காதர் நானா கவையை ஊன்றினார். நான் பெட்டிகளுக்குப் பின்னால் நின்று தட்டினேன். ஏழு இல்லை. இரண்டு. அரக்கு ஒட்டிய பிறகு ஒன்றுகூட இல்லை. தந்தி கீழே இறங்கியிருந்தது.

"ராத்திரி பூரா கொட்டுச்சு" என்றார் சவரிநாதர். "மழையில ஏறும்னீரு, இறங்கியிருக்கு. நீர் சொன்னது அதுக்குக் காது கேக்கல போல, உம்ம மாதிரியே."

எனக்கு நேர் முன்னால் இருந்தது பியானோவின் முதுகு. அந்தப் பலகையில் கை வைத்தேன். சூடாக இருந்தது. என் சட்டிதான் பலகையைக் காயவைத்துச் சுருதியை இறக்கிவிட்டது என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. ஒரு வார்த்தை போதும். முசியே தொப்பியை எடுத்தார். மாத முடிவில் வேறு ஆட்கள் என்றார். வண்டி ஏறிப் போனார். நான் அந்தச் சூட்டில் கை வைத்தபடியே நின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் காதர் நானா அதே இடத்தில் ஒரு பெட்டி மேல் தனியாக உட்கார்ந்திருந்தார். நான் சட்டியைக் கொண்டுபோய், வைத்த இடத்திலேயே வைத்தேன். அவர் சட்டியைப் பார்த்தார். பியானோவைப் பார்த்தார்.

"எப்ப வச்சே?"

"வெள்ளி ராவு, நானா. கறையான் வருமேன்னு."

"விடிய விடியவா?"

தலையை ஆட்டினேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் யாரையும் அடித்ததில்லை என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. அவர் கொஞ்ச நேரம் தாடியைச் சொறிந்தார்.

"புள்ள, நாம ஒரு மாசமாக் காத்த நம்பி உக்காந்திருந்தோம். நீ ஒரே ராத்திரியில செஞ்சு காட்டிட்டே. இனிமே மழைக்குக் காத்திருக்க வேணாம். கரி இருக்கா?"

முசியேயை மறுபடி வரவைத்தது சவரிநாதர்தான். வேடிக்கை பார்க்கும் ஆசை அவருக்கும் இருந்தது. நகர்த்தாமல், தொடாமல், பியானோவை இறக்கிக் காட்டுகிறேன், பிறகு ஏற்றிக் காட்டுகிறேன் என்று காதர் நானா சொல்லியிருந்தார். சட்டியைப் பின்னால் வைத்தார்கள். நான் தட்டினேன். ஏழு. கொஞ்சம் பொறுத்து ஐந்து. பிறகு மூன்று. பிறகு ஒலி நேராகப் போனது. பிறகு மறுபக்கமாக அலை வரத் தொடங்கியது. முசியே காது கொடுத்துக் கேட்டார். அவருக்கு என் தட்டல் தேவைப்படவில்லை. சட்டியை எடுத்துவிட்டு, மறுநாள் வரச் சொன்னார் காதர் நானா. மறுநாள் ஏழு வந்தது. முசியே குனிந்து சக்கரங்களின் கோட்டைப் பார்த்தார். சுண்ணாம்பு அழியவில்லை. "சரி" என்று பிரெஞ்சில் சொன்னார். அவ்வளவுதான்.

அதிலிருந்து பியானோவை வீட்டில் வைத்து மூன்று வாரம் விட்டு, மரம் அந்த வீட்டுக் காற்றுக்குப் பழகிய பிறகே சுருதி சேர்க்கிறார்கள். ஆறு பேரும் வேலையில் இருந்தார்கள். லாம் இன்றும் இருக்கிறார்.

போகும்போது சவரிநாதர் கேட்டார்: "அப்போ அன்னைக்கு யாரோ சட்டி வச்சிருக்காங்க. யாரு பாய் அது?"

நான் பெட்டிக்குப் பின்னால் நின்றேன். சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

"நான்தான்" என்றார் காதர் நானா. "வெள்ளி ராவு இல்லையா, கை பழக்கம். வச்சுட்டு மறந்துட்டேன்."

"தன் தலையில தானே கங்கக் கொட்டிக்கிட்ட ஒரே ஆளு நீருதான்யா. சாம்பிராணி காதரே" என்றார் சவரிநாதர். சாயங்காலத்துக்குள் அந்தப் பெயர் பாலம் தாண்டிவிட்டது.

இரண்டு வருடம் அந்தப் பெயரோடு இருந்தார். ஒருமுறை, நான் சொல்லிவிடுகிறேன் நானா, என்று முனகினேன். "பேரு என்ன பெரிய கனமா? பியானோ தூக்குறவன் நான்" என்றார். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

அவருடைய கவையை லாம் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அரக்குத் துளி இன்னும் அதன் நுனியில் இருக்கிறது. அதனால் அது சரியான 'லா' இல்லை, கொஞ்சம் கீழே. அதை நான் சுரண்டப் போவதில்லை.

அந்தச் சட்டியை வைத்தது நான். கல்லில் பெயர் எழுதும்போது அப்துல் காதர் என்று மட்டும் எழுதுங்கள். மற்றப் பெயர் என்னுடையது, நான் எடுத்துக்கொள்கிறேன்.