பதினெட்டுப் படிகள்

கஜகஸ்தானின் ஷிம்கென்ட் நகரில், பஜாருக்குப் பின்னால் இருந்த கல்யாண மண்டபத்தில் ஒன்பது வருஷம் கறி வெட்டினேன். சமையலறை கீழே, கூடம் மேலே. நடுவில் பதினெட்டுப் படி. பரிமாறும் பெண்கள் எல்லோரும் ஹீல்ஸ் போட்டுத்தான் ஏறி இறங்க வேண்டும் என்பது முதலாளியம்மா பாகிலாவின் சட்டம். எட்டு சென்டிமீட்டர். அளவுகோல் வைத்துப் பார்ப்பாள்.

அந்தப் பெண்களில் மூத்தவள் குல்பாஷ். முப்பத்தாறு வயது, இரண்டு பெண் குழந்தைகள், புருஷன் எங்கோ எண்ணெய் வயலில். இரண்டு கால் கட்டைவிரல் நகமும் கழன்று விழுந்த பிறகு டாக்டரிடம் சீட்டு வாங்கிக்கொண்டு, தட்டையான கறுப்பு ஷூ போட்டு வந்தாள். பாகிலா திட்டவில்லை. அந்த ஷூவைக் கழற்றச் சொல்லி, கறி பரிமாறும் பெரிய தட்டில் வைத்து, அவள் கையிலேயே கொடுத்தாள்.

"எல்லா மேஜையும் சுத்தி வா. இன்னைக்கு ஸ்பெஷல் இதுதான்னு சொல்லு."

வெறுங்காலோடு குல்பாஷ் நாற்பது மேஜையையும் சுற்றினாள். கூடத்தில் வேலையாட்கள் மட்டும்தான். சிலர் சிரித்தார்கள். சிரிக்காவிட்டால் அவர்கள் வேலை போய்விடும்.

மறுநாளிலிருந்து மறுபடி ஹீல்ஸ். பிப்ரவரியில், கொதிக்கும் சூப்போடு பன்னிரண்டாம் படியில் சறுக்கினாள். கணுக்கால் இரண்டு இடத்தில் முறிந்தது. அவளை நான் தூக்கிக்கொண்டிருக்கையில் மேலேயிருந்து பாகிலா எட்டிப் பார்த்தாள்.

"நடக்கத் தெரியாதவளை யாரு வேலைக்கு வச்சது?"

குல்பாஷ் அழவில்லை. பாகிலாவின் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றோடு அவள் வேலை போனது. ஜூலையில் ஒருநாள் பின்கதவைத் தட்டினாள். கொஞ்சம் நொண்டினாள்.

"அக்கா, பாகிலா மகளுக்குக் கல்யாணம் எப்போ?"

"செப்டம்பர் ரெண்டாம் சனிக்கிழமை. ஏன்டி?"

"பரிமாறுற பொண்ணுங்க ஒன்பது பேரோட வீட்டு முகவரியும் வேணும்."

அவள் நினைத்திருந்ததைச் சொன்னதும் நான் கேட்டேன்: "கல்யாணப் பொண்ணு என்னடி பாவம் பண்ணா?"

"என் காலு என்ன பாவம் பண்ணுச்சு?"

எழுதிக் கொடுத்துவிட்டேன்.

கல்யாணத்தன்று எங்கள் மண்டபத்தில் நானூறு விருந்தாளிகள். சம்பந்தி வீட்டார் துர்கிஸ்தான் நகரிலிருந்து மூன்று பஸ்ஸில் வந்திருந்தார்கள். அந்த ஊர்க் கல்யாண வழக்கப்படி குதிரைக்கறியை வெந்த மாவுத் தகட்டின் மேல் குவித்துத் தட்டுகளைத் தயாராக வைத்தேன். அப்போது ஒன்பது பெண்களும் ஹீல்ஸைக் கழற்றி, படிக்கு ஒரு ஜோடியாக வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்கள். பின்கதவை நான் திறந்தேன். குல்பாஷ் உள்ளே வந்து முக்காலியில் அமர்ந்தாள்.

பத்து நிமிஷத்தில் பாகிலாவின் தங்க நிற ஹீல்ஸ் டக்டக்கென்று இறங்கி வந்தது.

"கறி எங்கே? சம்பந்தியம்மா கேக்குறாங்க!" பிறகுதான் குல்பாஷைப் பார்த்தாள். "நீயா!"

"நான்தான் மேடம். முதல் தட்டை நீங்க தூக்குங்க. இந்தச் செருப்போடயே. அப்புறம் இவங்க எந்திரிப்பாங்க."

"போலீஸைக் கூப்பிடுவேன்!"

"கூப்பிடுங்க. கறி ஆறுது."

பாகிலா என்னைப் பார்த்தாள். நான் கத்தியைக் கழுவினேன். மேலே யாரோ மைக்கில் விருந்து எங்கே என்று கேலி செய்ய, கூடமே சிரித்தது. பாகிலா தட்டைத் தூக்கினாள். ஆறு கிலோ இருக்கும். ஐந்தாம் படியில் தள்ளாடினாள். ஒன்பதாம் படியில் நின்று, சுவரில் சாய்ந்து, தங்கச் செருப்பை உதறினாள்.

"நல்லாயிருக்கு மேடம், இன்னைக்கு ஸ்பெஷல்" என்றாள் குல்பாஷ், கீழேயிருந்து.

காலுறைக் கிழிசலில் பெருவிரல் எட்டிப் பார்க்க, பாகிலா கூடம் முழுக்க நடந்து சம்பந்தியம்மா முன் தட்டை வைத்தாள். அந்த அம்மாள் காலைப் பார்த்தாளே தவிர முகத்தைப் பார்க்கவில்லை. எத்தனையோ போன்கள் படம் பிடித்தன. சொன்ன வாக்குப்படி பெண்கள் எழுந்து, வெறுங்காலோடு பரிமாறினார்கள்.

அடுத்த வாரமே ஹீல்ஸ் சட்டம் போனது. கூடவே என் வேலையும். குல்பாஷைத் திரும்பி வரச்சொல்லிப் பாகிலாவின் புருஷனே ஆளனுப்பினார். இவள் போகவில்லை. இப்போது ஒரு மழலையர் பள்ளியில் சமைக்கிறாள்.

போன மாதம் டீ குடிக்கையில் கேட்டேன். "இப்பவாவது மனசு ஆறுச்சா?"

"இல்லக்கா. அவ விழலையே."

அவளைத் திட்டத்தான் வாயெடுத்தேன். ஆனால் அன்றைக்கு ஒவ்வொரு படியிலும் நானும் அதைத்தானே எதிர்பார்த்து நின்றேன். அவள் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினேன்.