உதடு சேரும் வாரம்

எனக்கு ஒன்பது வயதானபோது தம்பி பிறந்தான். அவனுடைய மேலுதடு ஒரு பக்கம் சேராமல் மூக்குத் துளைவரை பிளந்திருந்தது.

மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தாயை அடுத்த எங்கள் எஸ்டேட் வீட்டுக்கு அவனைக் கொண்டுவந்த அன்றே, புக்கிட் பெருந்துங்கிலிருந்து அத்தை வந்துவிட்டார். அப்பாவின் அக்கா. மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. சில மாதங்களுக்கு முன் சூரிய கிரகணம் வந்தபோது, கர்ப்பமாக இருப்பவர்கள் கத்தியைத் தொடக் கூடாது என்று வாட்சாப்பில் குடும்பம் முழுவதையும் எச்சரித்தவர் அவர்தான். குழந்தையைப் பார்த்ததும் அதைத்தான் கேட்டார்.

“கிரகணத்தன்னிக்கு ஏதாச்சும் வெட்டுனியா?”

“மறந்துட்டேன் அண்ணி. கொய்யா வெட்டுனேன்,” என்றார் அம்மா.

அம்மா மறக்கவில்லை. இன்று வெட்ட மாட்டேன் என்று என்னிடம் இரண்டு முறை சொல்லியிருந்தார். நான்தான் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, புளிப்பான அசாம் பொடி தூவிய கொய்யா இப்போதே வேண்டும் என்று அழுதேன். ஆறு மாத வயிற்றோடு எழுந்துவந்து வெட்டிக் கொடுத்தார். நான்கு துண்டு தின்றுவிட்டு, மீதியை அப்படியே வைத்துவிட்டு விளையாடப் போனேன்.

அத்தையிடம் அம்மா இதைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அத்தை கெட்டவர் இல்லை. பால் இழுக்க முடியாமல் திணறிய தம்பிக்கு, ஒரு வாரம் லீவு போட்டுத் தங்கி, கரண்டியால் சொட்டுச் சொட்டாக ஊட்டினார். ஆனால் பார்க்க வந்த எல்லாரிடமும், “கத்தி எடுத்துட்டா லா, என்ன செய்றது,” என்றும் சொன்னார். வந்தவர்கள் அம்மாவைப் பார்ப்பார்கள். நான் பின்பக்கம் நழுவிவிடுவேன்.

தம்பியைத் தூக்கிக்கொள் என்று அம்மா சொன்னபோதெல்லாம் எனக்குக் கை வலித்தது. ஒரு மாதமாக வலித்த அந்தக் கையை யாரும் டாக்டரிடம் காட்டவில்லை.

பிறகு தம்பிக்கு ஊசி போடும் நாள் வந்தது. பள்ளிக்கூட நாளாக இருந்தும் அம்மா என்னையும் கிளினிக்குக் கூட்டிப் போனார். பை தூக்குவதற்கு என்று நினைத்துக்கொண்டேன். ஊசி போட்டு முடிந்ததும், அங்கு நர்ஸாக இருந்த தமிழ் மிஸ்ஸியிடம் கிரகணத்தைப் பற்றிக் கேட்டார். மிஸ்ஸி சிரிக்கவில்லை.

“கரு உண்டான புதுசுல எல்லா செல்லும் ஒரே மாதிரிதான்மா இருக்கும். அப்புறம்தான் ஒரு கூட்டம் மூளையாகும், ஒரு கூட்டம் இதயமாகும். முகத்துக்கான செல்லு தலைக்குப் பின்னாலேருந்து நகந்து வந்து எலும்பா, சதையா மாறும். அப்படி வளர்ற துண்டெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டணும்.” தன் மூக்குக்குக் கீழே இருந்த இரண்டு சிறு மேடுகளைத் தொட்டுக் காட்டினார். “இங்கதான் ஒட்டும். ஏழு வாரத்துக்குள்ள முடிஞ்சிரும். இவனுக்கு ஒரு பக்கம் ஒட்டல. ஏன்னு பல நேரம் டாக்டருக்கே தெரியாது. கிரகணம் எத்தனாவது மாசத்துல வந்துச்சு?”

“ஆறாவது மாசம்.”

“அப்ப உதட்டு வேலை முடிஞ்சு நாலு மாசம் ஆச்சு லா. நீங்க என்னத்த வெட்டுனா என்ன?”

மூன்று மாதத்தில் உதட்டைத் தைத்துவிடலாம் என்றும் மிஸ்ஸி சொன்னார். அப்படியே தைத்தார்கள். இன்று கூர்ந்து பார்த்தால்தான் கோடு தெரியும். அத்தை இன்னமும் கிரகணம்தான் என்கிறார். அம்மா அவரோடு வாதாடியதே இல்லை.

அன்று மிஸ்ஸி அடுத்த பெயரைக் கூப்பிடப் போனபோது, அம்மா நாற்காலியைவிட்டு எழவில்லை.

“இன்னொரு தடவ சொல்லுங்க மிஸ்ஸி. கொஞ்சம் மெதுவா.”

மிஸ்ஸி முதலிலிருந்து மறுபடியும் சொன்னார். படிவம் ஐந்துவரை படித்துப் பள்ளியை முடித்த அம்மாவுக்கு இது ஏன் ஒரே தடவையில் விளங்கவில்லை என்று எனக்குச் சற்று வெட்கமாகக்கூட இருந்தது. மிஸ்ஸி சொல்லி முடிக்கும்வரை அம்மா அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.