அக்கா வெட்டிக்கொடுத்த புல்வெளி

ஈரப் புல்லை வெட்டுவது என் அக்காவுக்குப் பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வந்து இறங்கிவிடுவாள். ஆனால் பனி காயும்வரை மிஷினைத் தொடமாட்டாள். பின்வாசல் படியில் உட்கார்ந்து, கையில் காப்பியோடு புல்லையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"ஈரத்துல வெட்டினா புல்லு அறுபடாதுடா, பிய்யும். பிஞ்ச நுனி ரெண்டு நாள்ல வெளுத்துப்போயிடும். அப்புறம் தோட்டமே சீக்கு வந்த மாதிரி நிக்கும்."

அந்த மிஷின் அவளுடையது. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவள். அங்கே கழித்துப்போட்ட பழைய புல்வெட்டும் மிஷினைக் கேட்டு வாங்கி, மெக்கானிக்கைக் கெஞ்சி மோட்டாருக்குச் சுருள் சுற்ற வைத்து, எங்கள் வீட்டில் கொண்டுவந்து இறக்கினாள். சலவைச் சோடாவிலும் கொதிநீரிலும் ஊறி அவள் விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருக்கும். மண்ணைத் தொட்டால்தான் அவற்றுக்குக் கொஞ்சம் நிறம் வருகிறது என்பாள். அத்தான் போன பிறகு அவளுக்கென்று இருந்தது ஒற்றை அறையும் நானும்தான். குழந்தை இல்லை.

நானும் என் மனைவியும் வீட்டை அலசி ஆராய்ந்து வாங்கினோம். தோட்டத்தை மட்டும் பார்க்கவே இல்லை. குடிவந்தபோது இடுப்புயரத்துக்குக் களை. ஒரு மாதம் இருவரும் குனிந்து குனிந்து கோரையைப் பிடுங்கினோம். பிடுங்கப் பிடுங்க இரண்டு மடங்காக வந்தது. அக்கா வந்து பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"டேய் குச்சி, நீ காலேஜ்ல என்னத்தடா சொல்லிக்கொடுக்கற? மேல பிடுங்கினா கீழ கிழங்கு உன்னப் பாத்து பல்லைக் காட்டும்."

இந்தத் தொந்தி வந்த பிறகும் அவளுக்கு நான் குச்சிதான். பழைய ஸ்குரூடிரைவர் ஒன்றை மண்ணில் இறக்கி, நெம்பி, வேரோடு வேராகக் கோர்த்திருந்த கிழங்குகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். குப்பைக்குழியில் போட்டால் அங்கேயும் முளைக்கும் என்று சிமென்ட் தரையில் பரப்பி வெயிலில் சுருங்கவிட்டாள். நாலு மாதத்தில் மண் சுத்தமானது. புல் பதித்தாள். வேலியோரம் செம்பருத்தி வைத்தாள். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

அந்தத் தெருவில் இருந்தவர்கள் எல்லாம் டாக்டர்கள், இன்ஜினியர்கள். நான் எப்படியோ அதற்குள் நுழைந்துவிட்டவன். அங்கே நடந்து போகும்போதுகூட முதுகை நிமிர்த்திக்கொண்டுதான் நடப்பேன்.

ஒரு ஞாயிறு நான் குழாயைப் பிடித்துத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். அக்கா அத்தானின் முழுக்கைச் சட்டையைப் புடவைமேல் போட்டு, தலையில் தொப்பியும் காலில் ரப்பர் பூட்ஸுமாக மிஷினை நிறுத்திவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, பிளேடில் சிக்கிய புல்லைக் குச்சியால் தள்ளிக்கொண்டிருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பக்கத்து வீட்டு டாக்டரம்மா தலையை நீட்டினார்.

"சார், இந்த ஆள எங்க புடிச்சீங்க? வேலை இவ்வளவு சுத்தமா இருக்கே! எங்க வீட்டுக்கும் அனுப்புங்களேன்."

'இது என் அக்காம்மா.' இவ்வளவுதான் சொல்லவேண்டியிருந்தது. என் வாயிலிருந்து வந்தது, "கேட்டுச் சொல்றேன்."

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு வேலிப் பக்கம் திரும்பி, "வரேம்மா. சார் வீட்டு வேலை முடியட்டும்" என்றாள். எனக்கு மட்டும் தெரியும்படி கண்ணடித்தாள்.

சமையலறைக்குள் வந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "என்ன சார், மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

என் மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. "உங்களுக்கு நாக்கு மரத்துப்போச்சா? அண்ணிய வேலைக்காரின்னு ஒருத்தர் நினைச்சிட்டுப் போறாங்க, பாத்துட்டு நிக்கறீங்க."

"சொல்லிடறேன். சமயம் பாத்து."

"சமயமா?" என்றாள் அக்கா. "நான் உனக்கு அக்காங்கறதுக்கு நல்ல நேரம் வேற பாக்கணுமாடா?"

அப்போதும் அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். அடுத்த வாரம் சொல்லிவிடுவேன் என்று நம்பினாள். அடுத்த வாரம் நான் சொல்லவில்லை. ஒரு வாரம் தள்ளிப்போனால் அதற்கு அடுத்த வாரம் சொல்வது இன்னும் கஷ்டம். 'ஏன் அன்றைக்கே சொல்லவில்லை' என்ற கேள்விக்கும் சேர்த்துப் பதில் வைத்திருக்க வேண்டுமே. அக்கா பக்கத்து வீட்டிலும் புல் வெட்டப் போனாள். அதற்குக் கூலி வாங்கினாளா என்றுகூட நான் கேட்டதில்லை. கேட்டால் பேச்சு எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்கும் அவள் பின்பக்கக் கேட் வழியாக வர ஆரம்பித்தாள். நான் அதையும் கவனிக்காததுபோல் இருந்தேன். மனைவியும் சண்டை போட்டு அலுத்துவிட்டாள்.

ஒரு வருடம் இப்படிப் போனது. அப்புறம் ஒரு ஞாயிறு தெருக்காரர்கள் ஏழெட்டுப் பேர் எங்கள் தோட்டத்தைப் பார்க்க வந்தார்கள். அக்கா பின்னால் பிளேடுக்குச் சாணை பிடித்துக்கொண்டிருந்தாள். "ஒரு களைகூட இல்லையே, எப்படிங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"ஆள் வச்சுப் பாக்கறோம்," என்றேன்.

முன்பு அக்கா என்று சொல்லாமல்தான் இருந்திருந்தேன். அன்றைக்கு ஆள் என்றே வாய் திறந்து சொன்னேன். சாணைச் சத்தம் நின்றது. சற்று நேரத்தில் மறுபடி கேட்டது.

அடுத்த ஞாயிறு அவள் வராமல் இருந்திருக்கலாம். வந்தாள். பனி காயக் காத்திருந்தாள், வெட்டினாள், ஓரம் கத்தரித்தாள். ஆனால் அன்றிலிருந்து என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. டேய் இல்லை, குச்சி இல்லை, கிண்டலுக்குக்கூட சார் இல்லை. "தண்ணி வேணும்," "பிளக்கைப் போடு," அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்க ஒவ்வொரு ஞாயிறும் படிவரை போவேன். படியில் அவள் பக்கத்தில் இடம் இருக்கும். உட்காராமல் திரும்பி வருவேன். அப்படி இன்னொரு வருடம்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, சலவைக்கூடத்தில் ஈரப் போர்வைகளைத் தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது அவள் துவைத்த துணியாலேயே மூடியிருந்தார்கள். காரியமெல்லாம் அவள் அறை இருந்த பக்கமே நடந்தது. என் தெருவில் யாருக்கும் நான் சொல்லவில்லை.

மூன்று வாரத்தில் புல் கணுக்காலை மூடியது. நடுவில் கோரை தலைகாட்டியது. நான் மிஷினை வெளியே எடுத்து வைத்துக்கொண்டு நின்றபோது டாக்டரம்மா கேட்டைத் திறந்து உள்ளே வந்தார்.

"என்ன சார், உங்க ஆள் மூணு வாரமா காணோம்? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"இறந்துட்டாங்கம்மா."

"ஐயோ!" வாயில் கையை வைத்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. "நல்லாத்தானே இருந்தாங்க... அவங்க தம்பிக்குத் தகவல் சொன்னாங்களா?"

நான் மிஷின் ஒயரைச் சுருட்டத் தொடங்கினேன்.

"ஒரே தம்பியாம். பெரிய படிப்புப் படிச்சவனாம். 'என்னைத் தரையில நடக்க விடமாட்டாம்மா, தங்கமா தாங்குவான்'னு எப்பப் பாத்தாலும் அவன் பேச்சுதான். ஒரு நாள் கூட்டிட்டு வாங்களேன், பாக்கலாம்னேன். 'அவனுக்கு நேரம் ஒழியாதும்மா'ன்னாங்க. பாவம், அந்தப் புள்ள எப்படித் துடிச்சானோ."

"நான்தாம்மா அந்தத் தம்பி," என்றேன்.

நான் ஏதோ உளறுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். வாசலில் நின்ற என் மனைவியைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள்.

டாக்டரம்மா வேலிக்கு அந்தப் பக்கம் தன் வீட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில், "ரெண்டு வருஷம் எங்க வீட்டு வராந்தாவுல, தரையில உக்காந்து தண்ணி குடிச்சாங்க. உள்ள வாங்கன்னு நான் ஒரு வார்த்தை சொல்லல. என்னையும் சேர்த்துப் பாவி ஆக்கிட்டீங்களே சார்," என்றார்.

அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அக்காவிடம் கேட்க வேண்டியதைத்தான் அவரிடம் கேட்கிறேன் என்று அவருக்கும் புரிந்திருக்கும். வேண்டாம் என்று கையை அசைத்துவிட்டுப் போய்விட்டார்.