நான் மடித்த ஈயக் கவசம்

கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்தபோது ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே மெசின் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறியது. கதிர் உடம்பில் படாமல் தடுக்கும் ஈயக் கவசம் எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை இடுப்பில் கட்டும் சாரத்தைப் போல நாலாக மடித்து, என் சைக்கிள் கரியரில் இறுக்கிக் கட்டிக்கொண்டு போனேன். காப்பாற்றிவிட்டேன் என்று எனக்குப் பெரிய பெருமை.

காட்டோரக் கொட்டகை ஒன்றில் மறுபடி வேலை தொடங்கினோம். பிலிம் தட்டுப்பாடு. குழந்தைகள் அசைந்தால் படம் பழுதாகிவிடும் என்பதால், தாதி சுகந்தி கவசத்தை அணிந்து அவர்களைப் பிடித்துக்கொள்வார். அப்போது அவர் ஐந்து மாதக் கர்ப்பிணி.

“பயப்படாதேங்கோ மிஸி, ஈயம் இருக்குத்தானே” என்று நான்தான் சொல்லுவேன்.

ஒருநாள் காலாவதியான பிலிம் பெட்டி ஒன்று வந்தது. அது வேலை செய்யுமா என்று பார்க்க, கவசத்தையே மேசையில் விரித்துப் படம் எடுத்தேன். ஈயம் தடுத்திருந்தால் படம் முழுக்க வெள்ளையாக வர வேண்டும். ஆனால் வயிற்றை மறைக்கும் இடத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கறுப்புக் கோடுகள். வெளியே உறை நன்றாகத்தான் இருந்தது. உள்ளே, நான் மடித்த இடமெல்லாம் ஈயம் வெடித்திருந்தது.

சுகந்தி படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

“இது எப்பிடி வெடிச்சது?”

“பழசு மிஸி.”

பெண் பிள்ளை சுகமாகப் பிறந்தாள். ஆனாலும் அவளுக்குச் சின்னக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டால்கூட, உண்மையைச் சொல்லிவிடலாம் என்று சைக்கிளை எடுப்பேன். சுகந்தி வீட்டு வாசல் படலைவரை போய்த் திரும்பிவிடுவேன்.