புல்லாங்குழல் எந்தப் பக்கம்?

கே.ஜி.கண்டிகை ஆட்டோ ஸ்டாண்டில் போய் விஜயன் யாரென்று கேட்டால், "யாரு, திமிர் விஜயனா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். சவாரிக்கு வருகிறவர்கள் ரோட்டோரமாக, அதாவது ஆட்டோவுக்கு இடது பக்கமாக வந்து நின்று, "மலைக்கு வரியாப்பா?" என்பார்கள். மகராசன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். "இன்னா திமிரு பாரு!" என்று அடுத்த ஆட்டோவுக்குப் போய்விடுவார்கள். திமிரும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. ஒன்பது வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து, அதோடு அவனுடைய இடது காது போய்விட்டது.

இது அவனுக்கும் அவன் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். "வெளிய சொல்லாதடா, எவனும் பொண்ணு தர மாட்டான்" என்று அம்மா அப்போதே வாயை அடைத்துவைத்தாள். செவிடன் என்ற பேருக்குத் திமிர் பிடிச்சவன் என்ற பேர் எவ்வளவோ மேல் என்று அவனுக்கும் பட்டது. டீக்கடை பெஞ்சில் இடது ஓரத்தில்தான் உட்காருவான். காதில் விழாததற்கெல்லாம் "ஆங்" என்பான். அந்த ஒரு "ஆங்"கை வைத்துக்கொண்டு கல்யாணத்தையே முடித்துவிட்டான் என்றால் பாருங்களேன்.

அந்த "ஆங்"தான் இப்போது அவன் காலை வாரிவிட்டது. அஞ்சு நாளாகப் பெண்டாட்டி கல்பனா அவனோடு பேசவில்லை. என்ன தப்பு செய்தோம் என்று அவனுக்கு விளங்கவில்லை. கேட்டால் ஒரு முறைப்பு, அவ்வளவுதான். ஆறாம் நாள் காலை பையில் துணியை அடுக்கிக்கொண்டு, "பொதட்டூர்பேட்டைக்கு அம்மா வீட்டுக்குப் போறேன் அத்தை, எப்ப வருவேன்னு தெரியாது" என்று மாமியாரிடம் சொன்னாள். அவளை பஸ் ஏற்றிவிடுகிற கொடுமையும் புருஷன் தலையிலேயே விழுந்தது. போனால் திரும்பி வருவாளா என்ற பயத்தில் திருத்தணி வரைக்கும் ஆட்டோவை மாட்டுவண்டி மாதிரி ஓட்டினான்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் அவன் கூட்டாளி தப்ரேஸின் மொபைல் கடை. "ரீசார்ஜ் பண்ணிகினு வந்துடறேன்" என்று சாக்குச் சொல்லி வண்டியை நிறுத்தினான். கொஞ்ச நேரமாவது தள்ளிப்போகட்டுமே! அவளும் பையோடு இறங்கிப் பின்னாலேயே வந்தாள்.

தப்ரேஸ் கையில் அன்றைக்குப் புதுசாக ஒரு ஹெட்போன். "சும்மா ஹெட்போன் இல்ல நைனா, சரவுண்டு! பாட்டு தலையச் சுத்தி ஓடும்" என்று கடைக்கு வந்தவர்களையெல்லாம் படுத்திக்கொண்டிருந்தான். உள்ளே இருப்பது என்னவோ ரெண்டே ரெண்டு ஸ்பீக்கர். ஒரே சத்தத்தை ஒரு காதுக்கு முந்தியும் மறு காதுக்குத் துளி பிந்தியும் அனுப்பி மூளையை ஏமாற்றுகிற வேலை. போனில் ஒரு பட்டனைத் தட்டினால் தபேலா முதுகுக்குப் பின்னால் போய் உட்காரும், புல்லாங்குழல் தலையைச் சுற்றிச் சுற்றி வரும். கண்ணை மூடிக்கொண்டு, புல்லாங்குழல் போகிற பக்கமெல்லாம் விரலைக் காட்ட வேண்டும். சரியா தப்பா என்று போன் திரையில் ஓடுகிற ஒரு புள்ளியைப் பார்த்து தப்ரேஸ் தீர்ப்புச் சொல்வான். ஜெயித்தால் ஸ்கிரீன் கார்டு இலவசம்.

கல்பனாவுக்குக் கோபம் புருஷன் மேல்தானே, பாட்டு மேல் இல்லையே! வாங்கி மாட்டினாள். "ஐயோ அண்ணா, பின்னாடி யாரோ நின்னு ஊதற மாதிரியே கீது!" என்று சிரித்தாள். விரல் வலம், முதுகு, இடம் என்று பிசகாமல் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. அஞ்சு நாள் கழித்து அவள் சிரித்ததைப் பார்த்து விஜயனுக்கு வயிறு குளிர்ந்தது.

"இப்ப நீ வாடா."

"எனக்கு வாணாம்பா."

"பொண்டாட்டிகிட்ட தோத்துடுவேன்னு பயமா?" என்று தப்ரேஸ் அவனை ஸ்டூலில் உட்காரவைத்துத் தலையில் ஹெட்போனைக் கவிழ்த்தே விட்டான்.

புல்லாங்குழல் வலது பக்கம் கேட்டது. விரலைக் காட்டினான். அப்புறம் தேய்ந்து காணாமல் போனது, கையை இறக்கிவிட்டான். மறுபடி கேட்டது, மறுபடியும் வலது பக்கமே காட்டினான். ஏமாறுவதற்கும் ரெண்டு காது வேண்டும், பாவி மனுஷனிடம் இருப்பது ஒன்று. தப்ரேஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "டேய், இடது பக்கம் நின்னுகினு அந்தக் கத்து கத்துது, நீ இன்னாடா சாமியாராட்டம் உக்காந்துகினு கீறே!"

கல்பனா சிரிக்கவில்லை. அவன் ஹெட்போனைக் கழற்றியதும் அவனுக்கு இடது பக்கமாக வந்து நின்று, "பாவா, பஸ் வந்துடுச்சு" என்று மெதுவாகச் சொன்னாள். அவன் பாட்டுக்குப் போனை நோண்டிக்கொண்டிருந்தான். சுற்றிக்கொண்டு வலது பக்கம் போனாள். "பாவா."

"பேசிட்டியா கல்பனா!" என்று துள்ளி எழுந்தான்.

"அன்னிக்குப் படுத்துகினு ஒண்ணு சொன்னேனே, நீங்ககூட 'ஆங்'ன்னு சொன்னீங்களே. இன்னா சொன்னேன்? சொல்லுங்க பாக்கலாம்."

வலது காதைத் தலையணையில் புதைத்துக்கொண்டு தூங்குகிறவனுக்கு என்ன தெரியும்? குத்துமதிப்பாக ஒன்றை எடுத்துவிட்டான். "சிலிண்டர் தீந்துடுச்சுன்னா?"

அவள் பார்த்தாள் ஒரு பார்வை. இனிமேல் எந்த "ஆங்"கும் உதவாது. "எனக்கு இடது காது கேக்காது கல்பனா. சின்ன வயசுலேர்ந்தே. சொன்னா நீ கட்டிக்க மாட்டேன்னு..." என்று கடை வாசலில் நாலு பேர் பார்க்கச் சொல்லிவிட்டான்.

"அடப்பாவி!" என்று அலறியது தப்ரேஸ். "என் நிக்காவுக்கு உன்னை யோசனை கேட்டப்ப 'ஆங்'ன்னியே, அது கேட்டுச் சொன்னதா, கேக்காம சொன்னதா?"

கல்பனாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "செவிடுன்னா செவிடுன்னு சொல்லித் தொலைக்கறதுக்கு இன்னா? இவருக்குப் புடிக்கல போலன்னு அஞ்சு நாளா அழுதுகினு கீறேன்!" பையைக் கீழே போட்டாள். அவனுடைய வலது காதைப் பிடித்து, வலிக்கிற மாதிரியே இழுத்து, வாயை வைத்துச் சொன்னாள்: "முழுகாம கீறேன்னு சொன்னேன். ரெண்டு மாசம். அதுக்குத்தான் நீங்க 'ஆங்'ன்னுட்டுக் குறட்டை விட்டீங்க."

பொதட்டூர்பேட்டை பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே கிளம்பிப் போனது. விஜயன் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டான்.

"இன்னொரு தரம் சொல்லு" என்றான்.

"ஏன், இந்தக் காதும் கேக்கலியா?"

"கேட்டுச்சு. இருந்தாலும் சொல்லு."